மண்ணெண்ணெய்ப் பளபளப்பு

ஆயுத பூசைக்கு முந்திய நாள் பிற்பகலில் எங்கள் தெருவில் நடந்து செல்பவர் எவரும், கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும், மறுநாள் என்ன விசேஷம் என்பதை மூக்கினாலேயே அறிந்துகொள்வர். வாசல்தோறும் சைக்கிள்கள் கவிழ்த்து நிறுத்தப்பட்டிருக்கும். ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு கொட்டாங்கச்சியிலோ பழைய டப்பாவிலோ மண்ணெண்ணெய் இருக்கும். கிழிந்த பனியன் துணியை அதில் தோய்த்து, செயினின் கரியைத் துடைத்த அந்தத் துணியாலேயே பாரையும், பாரைத் துடைத்த துணியாலேயே மட்கார்டையும் பிள்ளைகள் மும்முரமாகத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். வீட்டுப் பெரியவர் திண்ணையில் அமர்ந்து, "அழுத்தித் தேய்டா, அப்பத்தான் போகும்" என்று உற்சாகமூட்டுவார். மாலை வெயிலில் வண்டிகள் அத்தனையும் பளபளவென்று மின்னும். நியாயவிலைக் கடைகளில் மண்ணெண்ணெய் அருகிப்போன இந்நாளிலும் இக்காட்சி மறைந்துவிடவில்லை. மண்ணெண்ணெய் கிடைக்காத வீடுகளில் பெட்ரோலும், பெயிண்டுக் கடைத் தின்னரும் அதன் ஸ்தானத்தில் வந்து அமர்ந்துவிட்டன.

இந்தச் சம்பிரதாயத்தின் அடியில் ஓர் அபிப்பிராயம் இருக்கிறது. எந்தக் கறையானாலும் வலிய திரவம் ஒன்றைக் கொண்டு அழுத்தித் தேய்த்தால் போய்விடும். போகாவிட்டால் அதைவிட வலியதைக் கொண்டுவர வேண்டும். தேய்த்து முடித்தபின் பளபளத்தால் வண்டி சுத்தமாயிற்று என்று கொள்ளலாம் என்பதே அது. சைக்கிள் கடைக்காரர் முதல் பள்ளிப் பிள்ளை வரை இதை ஐயத்திற்கு அப்பாற்பட்ட உண்மையாக ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஏற்றுக்கொண்டவர்களில் என் தந்தையும் ஒருவர், இருபத்தைந்து ஆண்டுகள் வரை நானும் ஒருவன். ஆயினும் இம்மூன்று கூற்றுகளில் ஒன்றேனும் உண்மையன்று என்பதும், சைக்கிள்களின் வண்ணத்தை அழுக்கும் மழையும் வெயிலும் கெடுத்ததைக் காட்டிலும் அழுக்கெடுக்கும் கைகளே அதிகமாகக் கெடுத்திருக்கின்றன என்பதும் இன்று எனது உறுதியான முடிபு. அதற்குரிய காரணங்களை நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன்.

சென்ற ஆண்டு என் தமையன் மகளுக்குப் புதிய சைக்கிள் ஒன்று வாங்கினோம். வான நீலம், அவளே தேர்ந்தெடுத்தது. விற்றவர்கள் தங்கள் விளம்பரத்தை அச்சிட்ட ஒட்டுத்தாள் ஒன்றை, ஹேண்டிலிலிருந்து பெடலை நோக்கிச் சரிந்து இறங்கும் குழாயின்மேல் கையகலத்திற்கு ஒட்டியிருந்தார்கள். அது அவளுக்குப் பிடிக்கவில்லை. நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பி இழுத்தாள். தாளின் மேற்பாதி உரிந்து வந்தது, கீழ்ப்பாதி பிசினோடு தங்கிவிட்டது. இரண்டு வாரத்தில் அந்தப் பிசின்மீது தெருப் புழுதியெல்லாம் படிந்து, நீல வண்டியின் நெஞ்சில் கறுத்த பற்று ஒன்று போட்டாற்போல் ஆயிற்று. அருகிலிருந்த கடைக்கு ஓட்டிச் சென்றோம். கடைக்காரர் தொழில் தெரிந்தவர், நல்லவர். சக்கரத்தின் கோட்டத்தைக் கண்பார்வையிலேயே நிமிர்த்தக்கூடியவர். "இதுக்கா சார் இவ்வளவு தூரம்? ஒரு நிமிஷம்" என்று சொல்லி, தின்னர் நனைத்த வெள்ளைத் துணியை அழுத்தி நாலு இழுப்பு இழுத்தார். நான் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் இழுப்பில் அதில் ஏறியது கறுப்பு, இரண்டாவதில் பழுப்பு, மூன்றாவதில் இளநீலம், நான்காவதில் இன்னும் அழுத்தமான நீலம். பிசின் போய்விட்டது, ஆனால் அது இருந்த இடம் புரை விழுந்த கண்போல் மங்கிக் கிடந்தது. பெண் அதன்மேல் விரலை வைத்துப் பார்த்து, "சித்தப்பா, இங்க மட்டும் ஏன் சொரசொரன்னு இருக்கு?" என்று கேட்டாள். "வெயில்ல காஞ்சா சரியாயிடும் பாப்பா" என்றார் கடைக்காரர். அவர் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பியிருந்தார். ஓராண்டு வெயிலில் காய்ந்தும் அது சரியாகவில்லை.

பிசின் இரண்டாவது இழுப்பிலேயே போய்விட்டது என்பதையும், மூன்றாவதும் நான்காவதும் வண்ணத்தின்மேல் விழுந்தவை என்பதையும் அந்தத் துணியே பிரத்தியட்சமாகக் காட்டிற்று. அழுத்தித் தேய்க்கும் கைக்கு எங்கே நிறுத்துவது என்பது தெரியாது. கறை தீர்ந்த இடத்தில் வண்ணம் தொடங்குகிறது; இரண்டிற்கும் இடையே எல்லைக்கல் எதுவும் நடப்பட்டிருப்பதில்லை.

வண்ணம் என்று நாம் சொல்வது என்ன பொருள் என்பதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். எஃகுக் குழாயைத் தேய்த்து எண்ணெய்ப் பிசுக்கு நீக்கி, பெரும்பாலும் பாஸ்பேட் கரைசலால் பக்குவப்படுத்தி, அதன்மேல் அடிப்பூச்சும், அதன்மேல் நிறப்பூச்சும், பல வண்டிகளில் அவற்றிற்கும் மேலே நிறமற்ற தெளிபூச்சு ஒன்றும் ஏற்றப்படுகின்றன. வேறு சில வண்டிகளில், மின்னேற்றிய பொடியாகத் தூவப்பட்ட பூச்சு ஏறத்தாழ 180 முதல் 200 டிகிரி வெப்பமுள்ள அடுப்பில் உருகிப் படிந்து இறுகுகிறது. இத்தனை வேலைப்பாடுகளுக்குப் பிறகும் அதன் கனம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை எட்டுவதில்லை. நாம் எழுதும் தாளின் கனத்திற்கே சமமாகாது. பள்ளிக்கூடத்திற்கும் வயலுக்கும் சந்தைக்கும் மழையிலும் பனியிலும் நின்று உழைக்கும் எஃகிற்கு இம்மெல்லிய போர்வையைத் தவிர வேறு காப்பு இல்லை. அது விலகிய இடத்தில் ஈரமும் காற்றும் சேர்ந்து துருவை உண்டாக்குகின்றன. துரு, தான் தோன்றிய இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும் சுபாவமுடையதாதலால், அக்கம்பக்கத்து வண்ணத்தையும் அடியிலிருந்து தூக்கிக் கொப்புளமாக்கிவிடுகிறது. இராமேசுவரத்திலோ நாகப்பட்டினத்திலோ உப்புக்காற்றில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வண்ணத்தை அலங்காரம் என்று எண்ணுவோர் அதைத் துடைத்தெடுக்கத் தயங்கார். அது தோல் என்று அறிந்தவர் தயங்குவர்.

இனி, வலிய திரவமே நல்ல திரவம் என்னும் முதற் கூற்றை எடுத்துக்கொள்வோம். கரைத்தல் என்பது பலத்தினால் நடக்கும் காரியமன்று; இனத்தினால் நடக்கும் காரியம். உப்பு தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும், தண்ணீரில் கரையாது. தச்சர்கள் அரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்துத்தான் மேசை நாற்காலிகளுக்குப் பாலிஷ் செய்கிறார்கள். தார் எண்ணெய்க்கு இளகும், சோப்புநீருக்கு அசையாது. தண்ணீரைவிட எண்ணெய் வலியது என்றோ, எண்ணெயைவிட ஸ்பிரிட் வலியது என்றோ இவற்றிலிருந்து முடிவு செய்ய இயலுமா? ஒவ்வொன்றும் தன் இனத்தைக் கண்டு கரைக்கிறது, அவ்வளவே. இவ்வாறிருக்க, தின்னருக்கு மட்டும் எல்லாவற்றையும் கரைக்கும் ஆற்றல் எங்கிருந்து வந்தது? அதன் பெயரே விடை கூறுகிறது. பெயிண்டை இளக்குவதற்கென்றே பல கரைப்பான்களைக் கலந்து செய்யப்பட்ட திரவம் அது. வண்ணத்தைக் கரைப்பதற்காகவே பிறந்ததைக் கொண்டு வந்து, வண்ணத்தின்மேல் இருக்கும் வேறொன்றைக் கரைக்கச் சொல்லி, வண்ணத்தை மட்டும் தொடாதே என்று எதிர்பார்ப்பது எந்த யுக்திக்கும் பொருந்தாது. நகப்பூச்சு நீக்கும் அசிட்டோனும் இத்தகையதே. நகத்தின்மேல் இருப்பதும் ஒரு வண்ணப்பூச்சுத்தான் என்பதை மறந்துவிடுகிறோம்.

பெட்ரோலைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவிச் சென்று, அடுத்த அறையில் எரியும் பூசை விளக்கைத் தேடிப் பிடிக்கவல்லது. விளக்கேற்றப் போகும் வீட்டில், விளக்கேற்றும் நாளுக்கு முந்திய நாள், திண்ணையில் குழந்தைகள் கையில் பெட்ரோல் கிண்ணத்தைக் கொடுப்பதை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். இது வண்ணத்தைப் பற்றிய கேள்வியே அன்று. நிறுத்தியாக வேண்டிய காரியம்.

பளபளப்பே சுத்தத்தின் சாட்சி என்னும் கூற்று இன்னும் மயக்கந் தருவது. ஏனெனில் இங்கே கண்ணே பொய்ச்சாட்சி சொல்லுகிறது. மண்ணெண்ணெயால் துடைத்த பார் மின்னுவது உண்மை. ஆனால் மின்னுவது வண்ணமன்று, வண்ணத்தின்மேல் தங்கிய எண்ணெய்ப் படலம். ஈரமான கல் உலர்ந்த கல்லைவிடப் பளிச்சென்று தோன்றுவதுபோல, எந்த மங்கிய பரப்பும் ஒரு திரவத்தால் நனைந்தால் ஒளிரும். பெட்ரோல் ஆவியாய்ப் பறந்துவிடும். மண்ணெண்ணெய் அவ்வளவு விரைவில் போகாது, நாட்கணக்கில் பிசுபிசுப்பாய்த் தங்கும். ஆயுத பூசையன்று மின்னிய வண்டி விஜயதசமி கழிந்து நாலைந்து நாளில் முன்னைக் காட்டிலும் அழுக்காகத் தோன்றுவதை எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்? தெருவின் நுண்மணல் அந்தப் படலத்தில் ஒட்டிக்கொள்கிறது. அடுத்தமுறை துணியெடுத்துத் துடைக்கும்போது அந்த மணலே துணியின் முகத்தில் பதிந்து உப்புத்தாளாக மாறி, வண்ணத்தில் வட்டவட்டமாகக் கீறல்களை எழுதுகிறது. கீறல் பட்ட வண்ணம் மங்குகிறது. மங்கியது என்று மறுபடியும் மண்ணெண்ணெய் தேடுகிறோம்.

இவ்விடத்தில் ஒரு பெரிய ஆட்சேபம் எழும். அதற்குப் பதில் சொல்லாமல் மேலே செல்லுவது நேர்மையாகாது. "எங்கள் தாத்தா நாற்பது வருஷம் மண்ணெண்ணெய் போட்டுத்தான் துடைத்தார், அவர் வண்டியின் கறுப்பு இன்றும் போகவில்லையே" என்று கேட்பவர்கள் பலர். கேட்பதற்கு உரிமையுடையவர்கள், ஏனெனில் அவர்கள் சொல்லும் வண்டிகளை நானும் பார்த்திருக்கிறேன். இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த ராலே, ஹம்பர் வண்டிகளும், பின்னர் 1949-இல் சென்னையில் தோன்றிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் ஹெர்குலிஸ் வண்டிகளும் அடுப்பில் சுட்டு இறுக்கிய எனாமல் கறுப்பு அணிந்தவை. நன்றாகச் சுடப்பட்ட எனாமலை மண்ணெண்ணெய் எளிதில் கரைக்காது என்பதை நான் மறுக்கவில்லை. கரைக்காது என்பதாலேயே தாத்தாவின் வழக்கம் பிழைத்துப் போயிற்று.

ஆனால் அந்தத் தாத்தாவின் வண்டியைச் சற்று அருகில் சென்று பாருங்கள். நான் சென்று பார்த்தேன்; எங்கள் வீட்டுப் பின்கட்டிலேயே அப்படி ஒன்று நிற்கிறது. பாரின் கறுப்பு இருக்கிறது. அந்தக் கறுப்பின் இருபுறமும் பொன்னிறத்தில் ஓடிய நூல் போன்ற கோடுகள் எங்கே? கைதேர்ந்த தொழிலாளி ஒருவர் நீண்ட மயிர்த்தூரிகையை ஒரே மூச்சில் இழுத்து வரைந்த கோடுகள் அவை. மட்கார்டின் நுனியில் அவை கூடும் இடத்தில் அம்புமுனைபோல் ஒரு வேலைப்பாடு இருந்ததை என் இளமையில் விரலால் தடவிப் பார்த்திருக்கிறேன். சீட்டின் கீழ் இறங்கும் குழாயில் பொன்னெழுத்தில் ஒட்டியிருந்த வண்டியின் பெயர் எங்கே? ஹேண்டிலின் கழுத்தடியில் செயின்கவர் மறைவில் என்று எங்கெங்கே துணி எட்டவில்லையோ அங்கங்கே மட்டும் ஓரங்குலம், அரையங்குலம் பொன் மிஞ்சியிருக்கிறது. பொற்கோடும் பொன்னெழுத்தும் சுடப்பட்ட கறுப்பின் மேலே, மெல்லிய வார்னிஷின் காப்பில் இருந்தவை. நாற்பது ஆண்டு மண்ணெண்ணெய்த் துணி அவற்றைத்தான் உண்டது. துணி எட்டிய இடத்தில் ஒன்றுமில்லை, எட்டாத இடத்தில் இருக்கிறது என்றால், வெயிலின்மேலும் காலத்தின்மேலும் பழி போட வழியில்லை. தாத்தாவின் வண்டியை எனக்கு எதிரான சாட்சியாக அழைத்து வந்தவர்கள், அது என் பக்கம் பேசுவதைக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

அன்றியும், இன்றைய வண்டிகள் அந்தக் கறுப்பு வண்டிகள் அல்ல. பல நிறங்கள், பளபளப்பில்லாத மங்கல் பூச்சுகள், தெளிபூச்சின் அடியில் சில வண்டிகளிலும் மேலே சில வண்டிகளிலும் ஒட்டிய எழுத்துகள், அடிபட்ட இடத்தில் கடைக்காரர் தெளித்துக் காற்றிலேயே உலரவிட்ட ஒட்டுப்பூச்சு என்று ஒரே வண்டியில் நாலு வகைத் தோல் இருக்கும். இவற்றுள் காற்றில் உலர்ந்த பூச்சு, அடுப்பில் சுட்ட பூச்சைப் போலன்றி, தின்னரைக் கண்டவுடன் இளகி வழியும்.

சாம்பல், பாத்திரம் தேய்க்கும் பொடி, கம்பி நார், பற்பசை ஆகியவற்றின் கட்சிக்காரர்களும் இருக்கிறார்கள். "மருந்து கரைக்கும், சாம்பல் கரைக்காதே" என்பது அவர்கள் வாதம். கரைக்காது, அறுக்கும். உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, அதாவது மணலின் சாரம். பூச்சின் கடினத்தை அளப்பதற்குப் பெயிண்டுத் தொழிலில் வழங்கும் சோதனைகளுள் ஒன்று பென்சில் சோதனை என்பதை அவர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். மிருதுவான 6பி முதல் கடினமான 6எச் வரையுள்ள பென்சில்களை ஒவ்வொன்றாகப் பரப்பின்மேல் செலுத்தி, எது கீறுகிறது என்று பார்ப்பார்கள். பள்ளிப் பிள்ளையின் பெட்டியிலிருக்கும் பென்சிலே கீறத்தக்க ஒன்றின்மேல் மணலைக் கொண்டு வந்து தேய்க்கிறோம். பற்பசையிலும் சுண்ணப்பொடியோ சிலிக்காவோ உராய்பொருளாகச் சேர்ந்தே இருக்கிறது. மங்கல் பூச்சுடைய வண்டியில் பற்பசையால் தேய்த்தவர்கள், அந்த ஒரு தழும்பு மட்டும் வழவழவென்று மின்னுவதைக் கண்டு திகைப்பார்கள். அதை மீண்டும் மங்கலாக்க வீட்டு வைத்தியம் எதுவும் இல்லை.

மண்ணெண்ணெய்க்கு வண்டியில் இடமே இல்லை என்று நான் சொல்வதாக எவரும் கொள்ள வேண்டாம். செயினைக் கழற்றி ஊறவைக்கவும், ஃப்ரீவீலின் கரியைக் கழுவவும், குண்டுகளையும் கோன்களையும் பழைய கிரீஸிலிருந்து விடுவிக்கவும் அதைப்போல் மலிவாக உதவும் பொருள் வேறொன்றில்லை. இரும்பும் கிரீஸும் சந்திக்கும் இடம் அதன் ராஜ்யம். ராஜ்யத்தை விட்டு வெளியே வந்து டயரில் சொட்டினால் ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும். ரிம்மில் படிந்தால் பிரேக் கட்டை வழுக்கும். வண்டியைப் பளபளப்பாக்கிவிட்டுச் சரிவில் இறங்கும் பிள்ளை பிரேக்கைப் பிடித்தும் வண்டி நிற்காமல் போகும் அபாயத்தை எண்ணிப் பார்த்தால், அந்தத் துணி ரிம்மின் பக்கமே போகக்கூடாது என்பது விளங்கும்.

அப்படியானால் பிசினை எடுப்பது எப்படி? தின்னரால் கெட்ட அதே நீல வண்டியில், சீட்டின் கீழ்க் குழாயில் இன்னொரு ஒட்டுத்தாள் இருந்தது. அதைக் கடைக்குக் கொண்டு செல்லாமல் வீட்டிலேயே எடுப்பது என்று பெண்ணும் நானும் தீர்மானித்தோம். முதலில் மணலெல்லாம் போகும்படி தண்ணீர் விட்டுக் கழுவினோம். கழுவாமல் எந்தத் துணியும் அதன்மேல் படலாகாது என்பது என் நிர்ப்பந்தம். பின்பு காலை வெயிலில் பத்து நிமிஷம் நிறுத்தினோம். குழாய் கைக்கு இதமான சூடாயிற்று. தாளின் மூலையைக் கிளப்பி, நேராக மேலே இழுக்காமல், தன்மீதே மடித்துப் பரப்பை ஒட்டியவாறு மெல்ல மெல்லப் பின்னோக்கி இழுத்தாள் அவள். கிழியாமல் முழுத்தாளும் வந்தது. தங்கிய பிசின்மேல் தேங்காயெண்ணெய் நனைத்த துணியைச் சுற்றிவிட்டு, அவள் பாடம் படிக்கப் போனாள், நான் கடிதம் எழுதப் போனேன்.

அரைமணி கழித்து வந்து துணியை அவிழ்த்தபோது பிசின் நிறம் மாறி, ஊறிய ஜவ்வரிசிபோல் வெளிறியிருந்தது. எண்ணெய் அதனுள் புகுந்து அதை உப்பவைத்து, ஒட்டும் குணத்தை வாங்கிவிட்டது. பெண் கட்டைவிரலின் சதையால், நகத்தாலன்று, ஒரு திசையில் உருட்டினாள். பிசின் சிறுசிறு திரிகளாகச் சுருண்டு உதிர்ந்தது; அரிசிமாவுக் கையைத் தேய்த்தால் உதிர்வதுபோல. விளிம்பில் ஒரு கோடு மட்டும் பிடிவாதமாக இருந்தது. அதற்கு மீண்டும் எண்ணெய், மீண்டும் கால்மணி. கடைசியில் ஷாம்பு கரைத்த நீரால் இருமுறை கழுவி, பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுத்தோம். துணியில் நீலம் ஏறவில்லை. இரண்டு தழும்புகளும் இன்று ஒரே வண்டியில் ஒரு முழத் தொலைவில் இருக்கின்றன. ஒன்று மங்கிய கண், மற்றொன்று தெளிந்த கண். பார்க்க விரும்புவோர் எங்கள் வீட்டிற்கு வரலாம்.

"மண்ணெண்ணெய்ப் படலத்தைக் குறை சொன்ன நீர் தேங்காயெண்ணெயைத் தடவலாமா?" என்று கேட்கக்கூடும். தடவலாம், ஏனெனில் இங்கே எண்ணெய் பிசினுக்கு மருந்தேயன்றி வண்டிக்கு மெருகு அன்று. வேலை முடிந்ததும் அதைச் சோப்புநீரால் முற்றும் வெளியேற்றுவது வேலையின் பாதி. அந்தப் பாதியைச் செய்யாதவர் மண்ணெண்ணெய்க்காரரைக் குறைகூற உரிமையற்றவர். தேங்காயெண்ணெய்க்கு அசையாத பிசினும் உண்டு. அதற்கு நீலகிரித் தைலம் சில துளி, அல்லது மருந்துக்கடை ஸ்பிரிட், பஞ்சில் நனைத்து ஒற்றி உடனே துடைத்தால் போதும். இவையிரண்டும் தேங்காயெண்ணெயைப் போல் சாதுவானவை அல்ல. அரைமணி ஊறவிடத்தக்கவையும் அல்ல. காற்றில் உலர்ந்த ஒட்டுப்பூச்சின்மேல் இவற்றையும் பிரயோகிக்கலாகாது.

மற்றக் கறைகளும் அப்படியே தத்தம் குணத்தோடு வருகின்றன. தார்ப்புள்ளிக்கு எண்ணெயே போதும். உலர்ந்த சந்தனத்தைச் சுரண்டவே வேண்டாம்; ஈரத்துணியை அதன்மேல் போட்டு வைத்தால் தானே இளகும். குங்குமத்தை முதலில் உலர்ந்த தூரிகையால் உதிர்த்துவிட்டு அப்புறம் நீரைத் தொட வேண்டும். நேரே நனைத்தால் சாயம் கீறல்களுக்குள் இறங்கிவிடும். மஞ்சள் கறைக்கு வெயிலே வைத்தியர், சில நாளில் தானே வெளிறிவிடும். பறவை எச்சம் மட்டும் அவசரமானது. அதன் அமிலம் வெயிலில் சூடேறிய பூச்சைத் தின்னத் தொடங்கிவிடுமாதலால், அன்றைக்கே நனைத்து எடுத்துவிட வேண்டும். சலவைச் சோடாவும் துணி துவைக்கும் பொடியும் காரமானவை. அவற்றை வண்டிக்குக் கொண்டுவருவது, முகத்திற்குச் சலவைச் சோப்புப் போடுவதற்கு ஒப்பாகும்.

"இவ்வளவு நேரம் யாருக்கு இருக்கிறது?" என்பது அடுத்த ஆட்சேபம். நான் கணக்குப் பார்த்துவிட்டேன். எங்கள் கை வேலை செய்த நேரம் எல்லாம் சேர்த்து கால்மணிக்கு மேல் இராது. மற்ற நேரமெல்லாம் எண்ணெய் வேலை செய்தது. கடைக்காரரின் ஒரு நிமிஷத்தால் கெட்ட இடத்தைச் செப்பனிட வேண்டுமானால், அந்தக் குழாயை முழுதும் தேய்த்து மீண்டும் பூச வேண்டும். அந்த நீலம் அப்படியே வராது.

"சைக்கிள்தானே, இதற்கு இவ்வளவு பேச்சா?" என்பதையும் கேட்டிருக்கிறேன். இந்தக் கேள்வி மற்றெல்லாவற்றையும்விட என்னை வருத்துகிறது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், அறிவொளி இயக்கம் எழுத்தைக் கற்றுக்கொடுத்ததோடு சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தபோது, கல் உடைக்கும் பெண்களும் வயல்வேலைப் பெண்களும் ஆயிரக்கணக்கில் அதன்மேல் ஏறி ஊரைக் கடந்து சென்றார்கள். 2001-02-இல் ஒரு பகுதி மாணவியர்க்கென்று தொடங்கி, பின் மற்ற மாணவியர்க்கும் மாணவர்க்கும் விரிந்த அரசின் விலையில்லாச் சைக்கிள் திட்டத்தால், தன் பெயருக்கு வேறு எந்தச் சொத்தும் இல்லாத பிள்ளைகளின் வாசலில் ஒரு வண்டி நிற்கிறது. காரின் பூச்சிற்கென்று கடைகளில் தனிச் சோப்பும் தனி மெழுகும் தனித் துணியும் விற்கிறார்கள். அதை எவரும் மிகை என்று சொல்வதில்லை. காரைத் தின்னரால் துடைக்கச் சொன்னால் கார்க்காரர் கையைப் பிடித்துத் தடுப்பார். சைக்கிளுக்கு மட்டும் அது தகும் என்பது சைக்கிளை வைத்திருப்பவரை மதியாத பேச்சேயாகும். அந்த வண்டியின் எஃகு துருப்பிடித்தால் வேறொன்று வாங்க இயலாதவர் அவரே.

ஆதலால் வரும் ஆயுத பூசைக்கு முந்திய நாள், கிண்ணத்தில் எதை ஊற்றினாலும், துணியைப் பாரின்மேல் கொண்டுபோகுமுன் வண்டியைக் கவிழ்த்து, பெடல் அச்சு செல்லும் குழலின் அடிப்பக்கத்தில், எவர் கண்ணும் படாத அந்த இடத்தில், வெள்ளைத் துணியில் தொட்ட ஒரு துளியை வைத்து ஒரு நிமிஷம் பொறுத்துத் துடைத்துப் பாருங்கள். துணியில் அழுக்கு மட்டும் வந்தால் தொடருங்கள்; வண்ணம் வந்தால் கிண்ணத்தை எடுத்து வைத்துவிட்டு, அடுக்களையிலிருந்து தேங்காயெண்ணெயைக் கொண்டுவாருங்கள்.